மறுதாம்பு

கிணற்றடியில் அத்தை வைத்திருந்த மிளகாய்ச் செடிக்கு வயது மூன்று. மிளகாய்ச் செடிக்கு வயது சொல்லும் வழக்கம் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கிடையாது. நாற்று விட்டு, நட்டு, சில பறிப்புப் பறித்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அத்தை பிடுங்கவில்லை. அந்தச் செடி செய்த பாக்கியம் அவ்வளவுதான்.

ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸ் 1753-ல் இதற்குக் 'காப்ஸிகம் அன்னுவம்' என்று பெயரிட்டார். அன்னுவம் என்றால் ஓராண்டுக்கு உரியது என்று அர்த்தம். அவர் ஊரில் அது சரிதான். உறைபனி விழுந்தால் செடி செத்துவிடும். ஆனால் செடியின் சுபாவம் அப்படியல்ல. குளிர் கொல்லாத இடத்தில் அது பல வருஷம் இருக்கக்கூடியது. குளிர்தேசங்களிலும் இதைத் தெரிந்துகொண்ட சிலர், பனிக்காலத்துக்கு முன்பே கிளைகளைக் கழித்து, வேரோடு தொட்டிக்கு மாற்றி, வீட்டுக்குள் உறையாத ஒரு மூலையில் வைத்து, மண் காய்ந்துவிடாத அளவுக்கு மட்டும் தண்ணீர் காட்டி, வசந்தம் வரை உயிரைப் பிடித்து வைக்கிறார்கள். வேர் ஏற்கெனவே முதிர்ந்திருப்பதால், புது நாற்றைவிட அது முந்திக்கொண்டு காய்க்கிறது.

நம் காவிரிக்கரையில் உறைபனி ஏது? இங்கே மிளகாய்க்கு எமன் ஐப்பசி, கார்த்திகை மழை. வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அத்தை புரட்டாசியிலேயே செடியைச் சுற்றி மண்ணை அணைத்து மேடாக்கிவிடுவாள். கிணற்றடித் தண்ணீர் அந்தப் பக்கம் போகாதபடி வாய்க்காலைத் திருப்புவாள். மார்கழிப் பனியில் செடி சோம்பி நிற்கும். அப்போது எருவும் கிடையாது, பறிப்பும் கிடையாது. தை பிறந்ததும் அரிவாள்மணையில் காய் நறுக்குகிற அலட்சியத்தோடு, கிளைகளை ஒரு சாணுக்குக் கழித்துவிட்டு, அடியில் கொஞ்சம் மக்கின சாணியைப் போடுவாள். மாசியில் துளிர்க்கும், பங்குனியில் பூக்கும். எங்கள் வீட்டில் பச்சைமிளகாய்க்குக் கடைக்குப் போனது குறைவு.

கொள்ளிடத்துப் படுகையில் காய்கறி போடுகிற ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வீட்டுக்கு ஒரு செடின்னா சரிங்க. கொல்லை பூரா இப்படி விட்டா இலைச்சுருட்டை புடிச்சுப் புது நடவையும் கெடுத்துடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பழஞ்செடியில் பூச்சி தங்கும், காய் சிறுக்கும், நிலம் வேறு பயிருக்கு வேண்டும். பிடுங்குகிறவன் எல்லாம் ஈவிரக்கமற்றவன் என்று நான் சொல்ல வரவில்லை.

வயலிலும் ஒரு காலத்தில் இந்த வித்தை இருந்தது. குறுவை விதையோடு ஒட்டடையான் விதையைக் கொஞ்சம் கலந்து போடுவார்கள். குறுவை அறுக்கும்போது இரண்டும் சேர்ந்தே அரிவாளுக்குப் போகும். குறுவைத் தாள் மடிந்துவிடும். ஒட்டடையான் தாளிலிருந்து மறுபடி கிளைத்து, தை, மாசியில் இரண்டாவது அறுவடை கொடுக்கும். ஒரே உழவு, ஒரே விதைப்பு. 1960-களில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்கள் வந்து, இரண்டு போகமும் தனித்தனியே நட்டால் கண்டுமுதல் அதிகம் என்று ஆனதும் ஒட்டடையான் மெல்ல ஒதுங்கிவிட்டது. யாரும் அதற்காக அழவில்லை. அழ வேண்டிய விஷயமும் இல்லை.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. அப்பா காலமான பிறகு வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். பிள்ளை குட்டி இல்லை. அவளை யார் வைத்துக்கொள்வது என்ற பிரஸ்தாபம் எழுந்ததும் கூடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் பேசினேன். "அத்தை யாருக்கு என்ன பாரம்? சமைக்கிறாள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் இரண்டு பேர் வேண்டும்" என்றேன். சபை ஒப்புக்கொண்டது. அத்தை என்னோடு வந்துவிட்டாள். கிணற்றடி இருந்த பாகம் எனக்கு வந்ததால் செடியும் தப்பியது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு அன்று தூங்கினேன்.

அடுத்த தையில் அத்தை வழக்கம்போல் செடியைக் கழித்தாள். துளிர்த்தது, ஆனால் துளிரெல்லாம் சுருண்டு சுருண்டு வந்தது. ஒரு நாள் காலையில் பல் விளக்கப் போனால், செடி வேரோடு வாய்க்கால் ஓரம் கிடந்தது.

"என்ன அத்தை, மூணு வருஷமா காய்ச்ச செடியாச்சே?" என்றேன்.

"காய்ச்சுது. அதுக்காகத்தானே வச்சிருந்தேன். அங்கே புது நாத்து விட்டிருக்கேன். இது இருந்தா அதுக்கும் தொத்தும்."

"இருந்தாலும்..." என்று இழுத்தேன். என் முகத்தில் அவள் என்னத்தைப் பார்த்தாளோ, கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் செடியில்லைடா, தம்பி. அன்னைக்கு எனக்காகப் பேசினே. நல்ல மனசோடதான் பேசினே. ஆனா சமைக்கிறா, புள்ளையைப் பாத்துக்கிறான்னு நீ கணக்குச் சொன்னியே, எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கை நடுங்க ஆரம்பிச்சா அந்தக் கணக்கு என்னாகும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவளைக் காப்பாற்ற நான் சொன்ன நியாயத்தையே நாளைக்கு இன்னொருவன் அவளை வெளியே அனுப்பவும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. 'சமைக்கிறாள், அதனால் இருக்கட்டும்' என்று ஒப்புக்கொண்ட சபை, 'இப்போது சமைக்கவில்லையே' என்றால் என்ன சொல்லும்?

இதே ஜில்லாவில் பண்ணையாட்களின் ஜீவனம் இந்தக் கணக்கில்தான் நடந்துகொண்டிருந்தது. உழைப்பு இருக்கிறவரை குடிசை, கூலி. மிராசுதாருக்கு வேண்டாம் என்று பட்டால் இரண்டும் போயிற்று. 1952-ல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுதான், ஆளை நினைத்தபடி நீக்க முடியாது என்று எழுத்தில் ஏறியது. மிராசுதார்களில் தயாள குணமுள்ளவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தயவு வைத்தவன் மனது மாறினால் தயவும் மாறிவிடுமே! அதற்காகத்தான் சட்டம் வேண்டியிருந்தது. வீட்டுக்குள் அப்படி ஒரு சட்டத்தை யார் போடுவது? 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஜீவனாம்சம் கேட்க அதில் வழி உண்டு. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற நாக்குக்கு அது வரம்பு கட்டாது.

அன்று நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். "அத்தை எங்கே போவாள்? இது அவள் வீடு" என்றால் போதும். அதற்குக் காரணம் தேடியிருக்கக் கூடாது. ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் சபை ஒப்புக்கொண்டிருக்குமா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. எடுபடும் என்று தெரிந்துதான் கணக்கைச் சொன்னேன்.

அத்தை அதன்பிறகு ஆறு வருஷம் இருந்தாள். அவள் பயந்தபடி கை நடுங்கியது. கடைசி இரண்டு வருஷம் கரண்டி பிடிக்க முடியவில்லை. அவளை நாங்கள் வைத்துக் காப்பாற்றியது அன்பினாலா, கிணற்றடியில் கேட்ட அந்த வார்த்தையின் கூச்சத்தினாலா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. எதுவானாலும் வேளைக்குச் சோறு போயிற்று. பச்சைமிளகாய் மட்டும் கடையில் வாங்கினோம்.