கூலி கொடுத்தால் கடமை தீருமா?

சரக்குப் பார்ப்பதில் நம்மவர் தேர்ந்தவர். அரிசி மூட்டையில் ஊசி குத்தி, உள்ளங்கையில் விழுந்த மணியைப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவோம். மிளகாயை உடைத்து முகர்வோம்; ஏலத்தைக் கடித்துப் பார்ப்போம். படுக்கையில் கிடக்கும் உம்மாவைக் கவனிக்க ஆள் அமர்த்தும்போது மட்டும், சம்பளம் எவ்வளவு என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. இது ஏன்?

காரணம் பழையது. நம் பாட்டன்மார் கப்பலேறி இங்கு வந்தபோது பெற்றோரை ஊரிலே விட்டு வந்தார்கள். மாதந் தவறாமல் மணியார்டர் போயிற்று. அங்கே மருமகளும் மச்சியும் அண்டை வீட்டாரும் இருந்தார்கள். பணம் அனுப்பியவன் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தது நியாயமே. அந்தப் பணத்தைச் செலவிட்டவை சொந்தக் கைகள். இன்றோ உம்மா அடுக்குமாடி வீட்டில். மகன் கடையில், மருமகள் வேலையில், பிள்ளைகள் பள்ளியில். மணியார்டர் மனம் மட்டும் மாறவில்லை.

சிங்கப்பூரில் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. 60 வயதை எட்டி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாதவர் பிள்ளைகளிடம் பணம் கோரலாம். சட்டத்தால் ஆவது அவ்வளவே. உம்மாவை இராத்திரி யார் புரட்டிப் படுக்கவைத்தார் என்று எந்த நீதிபதி கேட்பார்?

கடையில் ஒரு காவல் உண்டு. சாமான் வாங்கிய வீட்டார்தாம் தின்கிறார்கள். சொத்தையானால் மறுநாள் காலையில் வந்து சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு அஞ்சியே நம்மில் பாதிப் பேர் நேர்மையாக இருக்கிறோம். (உள்ளதைச் சொன்னால் கோபிக்க வேண்டாம்.) வீட்டுப் பராமரிப்பில் பணம் கொடுப்பவர் மகன், அனுபவிப்பவர் தாய். அவரைக் கேட்டால், "நல்லாத்தான் பாத்துக்கிறா வாப்பா" என்பார். குறை சொன்னால் ஆள் போய்விடும், மகனுக்குத் தொல்லை என்ற பயம். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர் அதையுங் கூடச் சொல்லமாட்டார். ஆகையால் அவர் வாய்ச்சொல்லை வைத்து நிறுக்கலாகாது.

உடம்பைப் பார்க்க வேண்டும். மகளோ மருமகளோ பார்க்கட்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் அடி ஆகிய இடங்களில்தான் படுக்கைப்புண் தொடங்கும். தோல் சிவக்கும் என்று புத்தகங்கள் சொல்லும். நம்மவர் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூடும் கெட்டியும் தடவித்தான் அறிய வேண்டும். மாத்திரைப் பெட்டியை எண்ணிப் பார்க்கவேண்டும். மூக்குக்குழாய் வழியே ஆகாரம் என்றால், ஒவ்வொரு வேளையும் ஊற்றுமுன் குழாயிலிருந்து சிறிது உறிஞ்சி அமிலச் சோதனைத் தாளில் விட்டுப் பார்க்கிறார்களா என்று கவனிக்கவேண்டும். குழாய் நகர்ந்திருந்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அந்தக் குழாயை மாற்றிப் போடுவது தாதியின் வேலை. வருபவர் தாதிதானா, அரசாங்கப் பதிவேட்டில் பெயர் உண்டா என்று ஏஜெண்டிடம் கேட்பதில் வெட்கமென்ன? வருகிறவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்று யார் வருவார் என்றும் கேட்க வேண்டும். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றச் சொல்லி நேரில் பார்ப்பது பத்துச் சான்றிதழுக்குச் சமம்.

இப்படிச் சோதிப்பது சந்தேகமல்லவா, பிறரைத் துருவி ஆராய்வதை மார்க்கம் விலக்கியிருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அடுத்தவர் மறைவைத் தோண்டுவது வேறு, நம் பொறுப்பிலுள்ள அமானத்தைப் பார்ப்பது வேறு. ஆளுக்குத் தெரியாமல் காமிரா வைப்பது முன்னதில் சேரும். உடை மாற்றும் இடத்தில் வைத்தால் அவள் மானத்தோடு உம்மாவின் மானமும் போகும். ஹாலில், சொல்லிவிட்டு வைத்தால் தவறில்லை என்பது நம் எண்ணம். ஆனாலும் படுக்கைப்புண்ணைக் காமிரா காட்டாது.

இனித் தராசின் மறு தட்டு. தமக்கு அளக்கும்போது நிறைய வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவரைப் பற்றி 'முதஃப்பிஃபீன்' என்று ஒரு சூராவே உண்டு. அதைக் கடைத் தராசோடு நிறுத்திக்கொண்டோம். பணிப்பெண்ணிடம் முழுக் கவனிப்பையும் வாங்குகிறோம். தூக்கத்தைக் குறைத்துக் கொடுக்கிறோம். இராத்திரி நாலு தடவை எழுந்து புரட்டியவள் பகலில் கண்ணயர்ந்து, அந்நேரம் உம்மா குளியலறையில் விழுந்தால், அளவைக் குறைத்தது யார்? இங்கே வார ஓய்வு நாள் 2013இல் சட்டமாயிற்று. ஆயினும் பணங்கொடுத்து அதை ஈடுகட்டினோம். 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது; ஓய்வாகவே கொடுத்தாக வேண்டும்.

அன்று உம்மாவை யார் பார்ப்பது என்று கேட்பவர்கள் உண்டு. மகனும் மருமகளுந்தாம். மாதம் ஒரு நாள் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தால், உம்மாவுக்கு இருமல் வராமல் கஞ்சி புகட்ட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது தெரியவரும். நாம் விசாரித்தவர்களில் அரைமணிக்குக் குறைத்துச் சொன்னவர் எவருமில்லை. பிறகு ஒரு நாள், பத்து நிமிஷத்தில் கொடுத்து முடித்துவிட்டேன் என்று ஆள் சொன்னால், அடுத்தபடி என்ன கேட்பதென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிராது.