கொடுத்தபின் அது யாருடையது?

மகமை என்னும் சொல் கரிசல் சீமையில் மிகப் பழையது. விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி வணிகர்கள் விற்கும் சரக்கின்மேல் மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகை எடுத்து உறவின்முறைப் பொதுநிதியில் சேர்த்தனர். அந்நிதியிலிருந்து பள்ளிக்கூடங்கள் எழுந்தன. இலாபம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் முன்னரே மகமை பிரிந்துவிடும். புதூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் நம் அன்னையர் உலை வைக்குமுன் எடுத்து வைக்கும் பிடி அரிசியும் அத்தகையதே. கொடுப்பதா வேண்டாமா என்று நாள்தோறும் மனச்சான்றோடு வழக்காடும் தொல்லை அதில் இல்லை. கொடுத்தவருக்கு அதன்மேல் தனியுரிமையும் இல்லை. எந்தப் பிடி எவருடையது என்று பானைக்குத் தெரியாது.

நம் காலத்துப் பெருஞ்செல்வர்களின் கொடை வேறு வழியில் நடக்கிறது. முதலில் ஈட்டுகின்றனர், பின்னர் தாமே தெரிந்தெடுத்த நோக்கத்துக்கு வழங்குகின்றனர். இவ்வழியில் நம் நாட்டில் குறிப்பிடத்தக்கவர் ஆஷிஷ் தவான். 1969இல் பிறந்த இவர், அமெரிக்காவில் யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் பயின்று, 1999இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து கிறிஸ்கேப்பிட்டல் என்னும் தனியார் பங்கு முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழக அறநிதிகள் முதலியவற்றிடம் பணம் திரட்டி, நிறுவனங்களின் பங்குகளை வாங்கி, சில ஆண்டுகள் அவற்றை வளரவிட்டு, விலை ஏறியபின் விற்று வெளியேறுவதே இத்தொழில். இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு நடத்துவோருக்கு என்பது உலகெங்கும் பரவலான வழக்கம்.

கிறிஸ்கேப்பிட்டல் முதலிட்ட நிறுவனங்களுள் சென்னையின் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்சும் ஒன்று. பழைய லாரி வாங்க ஓட்டுநர்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த நிறுவனம் அது. தீப்பெட்டிப் பண்டல் ஏற்றி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் கண் விழிக்கும் ஒருவர் கட்டிய வட்டியில் ஒரு துளி, எங்கெங்கோ சுற்றி ஒரு கொடையாளியின் கைக்கு வந்திருக்கலாம். அதனால் அப்பணம் தீயது என்று சொல்ல நாம் முன்வரவில்லை. வங்கிகள் ஏறெடுத்தும் பாராத அந்த ஓட்டுநருக்கு, அக்கடன் இல்லையேல் கந்துவட்டியே கதியாகியிருக்கும். ஆயினும் அந்தச் செல்வத்தில் அவருடைய உறக்கமும் கலந்திருக்கிறது.

2012இல், 43 வயதில், தவான் அத்தொழிலை விட்டார்; இதுவே நம் மதிப்புக்கு உரியது. முதுமையில் மிஞ்சியதைக் கொடுப்போர் பலர். உழைக்க வலுவுள்ள ஆண்டுகளைக் கொடுப்போர் சிலரே. அவர் தொடங்கிய சென்ட்ரல் ஸ்குவேர் அறக்கட்டளை, சிறு பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் கற்பதையே தன் முதன்மைப் பணியாக்கிக்கொண்டது. தேவை சிறிதன்று. 2022ஆம் ஆண்டின் அசர் ஆய்வின்படி, ஊரகத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர் ஏறக்குறைய ஐவரில் ஒருவரே. 2024இல் அது 27 விழுக்காடாயிற்று. கட்டடத்தில் பெயர் பொறிக்கும் கொடையைவிட இது கடினமான கொடை. எழுத்தறிந்த பிள்ளையின் நெற்றியில் எவர் பெயரும் இராது.

அவரும் வேறு பலரும் பொருள் சேர்த்து நிறுவிய அசோகா பல்கலைக்கழகம் 2014இல் அரியானாவின் சோனிபட்டில் திறக்கப்பட்டது. அதற்கும் எந்தக் கொடையாளியின் பெயரும் இல்லை. ஆனால் பெயரை விடுவது ஒன்று, பிடியை விடுவது வேறொன்று. 2021 மார்ச்சில் அதன் பேராசிரியர் பிரதாப் பானு மேத்தா பதவி விலகினார். நிறுவனர்களைச் சந்தித்தபின், தாம் அங்கிருப்பது அரசியல் சுமையாகக் கருதப்படலாம் என்று தெளிவானதாக விலகல் மடலில் அவர் குறித்தார். பொருளியலாளர் அரவிந்த் சுப்பிரமணியனும் உடன் விலகினார். நடைமுறைகளில் சில குறைகள் நேர்ந்ததாகப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. பலர் சேர்ந்து நடத்தும் இடத்தில் நேர்ந்ததை ஒருவர் தலையில் சுமத்துவது முறையன்று. கேள்வி மட்டும் நிற்கிறது: கொடுத்துவிட்ட பொருளின் மேல் கொடுத்தவருக்கு என்ன உரிமை?

நான்காம் நூற்றாண்டின் மிலான் ஆயர் புனித அம்புரோசியார் இதற்குக் கடுமையான விடை தந்தார். ஏழைக்கு நாம் தருவது நம்முடையதன்று, அவருக்குரியதைத் திருப்பித் தருகிறோம் என்பது அவர் கருத்து. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில் இதனை நினைவூட்டினார். இது உண்மையாயின், திருப்பித் தந்தவர் மேற்பார்வையாளராக எப்படி அமர்வார்? கடனைத் தீர்த்தவர், கடன் கொடுத்தவரின் சமையலறையில் நின்று என்ன ஆக்கவேண்டும் என்று சொல்வதுண்டா?

மறுபக்கமும் உண்டு. பணத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடுவதும் பொறுப்பாகாது. பாழ்படுத்துவோர் கையில் அது சேர்ந்துவிடலாம். மகமைப் பள்ளிகளின் ஆட்சியும் மகமை தந்தோரிடமே இருந்தது. அதை மறைத்துப் பழமையைப் போற்றுவது நேர்மையன்று. ஆனால் அங்கே பிடி ஒரு கையில் இல்லை. பலர் கூடித்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. பெறுகிறவர்கள் கையிலேயே பிடியைக் கொடுக்கும் ஏற்பாடு இது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். அத்தீர்ப்பு நமக்கு ஒரு காவல்; அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பிடி அரிசியும் தீப்பெட்டி ஒட்டிய கூலியும் சேர்ந்து எழுந்த பள்ளிகள் இப்பகுதியில் உண்டு. அரிசி எடுத்து வைத்த அந்த அன்னையரின் பேரப் பிள்ளைகள் இன்று அங்கே படிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரை எந்தக் கூட்டத்துக்கு அழைக்கிறோம்? அழைத்தால், பேச விடுகிறோமா?