வாப்பாவின் தோழர்

பள்ளி விடுமுறையில் தங்கையின் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பழைய நண்பர்களைக் காணப் புறப்பட்டோம். பிரிக்ஃபீல்ட்ஸில் இரு வீடுகள். பின்னர் கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கிள்ளான். அங்கேதான் மர்ஹூம் வாப்பாவின் தோழர் வசிக்கிறார். இருவரும் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி, 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என்றழைக்கப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்திறங்கியவர்கள்.

"மாமா, அவர் நமக்கு என்ன முறை?" என்றான் சிறியவன். இரத்த உறவில்லை, கொடுக்கல் வாங்கலுமில்லை. நமக்கு விடை வரவில்லை. தந்தை தேடிய நட்பு மக்களையும் கட்டுப்படுத்துமா?

ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டு, தாம் ஏறிவந்த கழுதையையும் தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். சிறிது கொடுத்தாலே போதுமே என்றனர் உடன் வந்தோர். அம்மனிதரின் தகப்பனார் தம் தந்தையின் நண்பர் என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஸஹீஹ் முஸ்லிமில் காணும் செய்தி இது.

கிள்ளான் பெரியவர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, "உங்க நன்னா கப்பல்லே மூணு ராத்திரி உம்மாவை நினைச்சு அழுதாரு" என்றார். நாமே அறியாத செய்தி! பல ஆண்டுகள் தொலைபேசியில் ஸலாம் சொல்லிக் கடமை முடிந்ததென்றிருந்தோமே!

பிள்ளைகள்மேல் நட்பைத் திணிக்க இயலாது. ஆனால் வீட்டைக் காட்டிவைப்பது நம் பொறுப்பு. சகோதரர்களே, அவர்கள் ஹயாத்தோடிருக்கும்போதே போய் வாருங்கள்.