நான்கு மணி நேர சபரும் நம் கடமையும்

நாகை, நாகூர்ப் பக்கத்து மக்களுக்கு 'சபர்' என்றாலே அக்கரைச் சீமைப் பயணந்தான். 'ரஜூலா' கப்பலும், 1972க்குப் பின் 'சிதம்பரம்' கப்பலும் நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. 1985ல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணம் முடிந்தது. இன்றோ திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் 3000 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடக்கிறோம். வேளாங்கண்ணியிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகவும் ஏறத்தாழ அதே நேரந்தான்!

இதனால் சிலருக்கு ஓர் ஐயம். "களைப்பில்லை, அலைச்சலில்லை. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை நமக்கு இன்னும் பொருந்துமா?" என்று கேட்கிறார்கள்.

பொருந்தும். சலுகைக்குக் காரணம் பயணம். சிரமம் அதிலுள்ள தத்துவம் மட்டுமே. ஷாஃபிஈ மத்ஹபில் அதன் அளவு இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமீ மைல். இதைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில் ஆலிம்களிடையே வேறுபாடு உண்டு. ஆயினும் சிங்கப்பூர் எந்தக் கணக்கிலும் நீண்ட பயணமே. ஹனஃபி மத்ஹபு சொல்லும் மூன்று நாள் பயணமும் பழைய நடையின் அளவே அன்றி, வாகனத்தின் வேகமல்ல. ஹிஜ்ரி 676ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில், கடலில் அந்தத் தூரத்தை ஒரே மணி நேரத்தில் கடந்தவருக்கும் கஸ்ர் உண்டு என்றே சட்டம் இருக்கிறது. விமானம் பறப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது!

சிரமந்தான் அளவு என்றால் என்ன ஆகும்? ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டம். அந்நாட்களில் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரிலுள்ள நாகூருக்கு வருபவர், நெரிசலில் நின்றுகொண்டே விமானப் பயணியைவிட அதிகம் களைத்துப்போகலாம். ஆயினும் அவர் முழுமையாகவே தொழவேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் களைப்பை அளவாக வைத்தால் சட்டம் நிலைக்காது. அச்சம் நீங்கிய பின்னும் கஸ்ர் ஏன் என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அது அல்லாஹ் அளித்த கொடை, அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்திலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள்.

ஆனால் சகோதரர்களே, வேகம் வேறொரு கணக்கை மாற்றியிருக்கிறது. கப்பல் காலத்தில் தாய்க்கு நோய் என்று தந்தி போனால், மகன் வந்து சேருமுன் கத்தம் ஓதி முடிந்திருக்கும். அவனை எவரும் குறை சொன்னதில்லை. அவனால் இயலவில்லை. அல்லாஹ் எவரையும் சக்திக்கு மீறிச் சோதிப்பதில்லை. அப்படியானால், சக்தி கூடும்போது பொறுப்பும் கூடத்தானே செய்யும்?

லீவும் டிக்கெட் பணமும் கிடைக்காத தொழிலாளிக்குச் சிங்கப்பூர் இன்றும் ஒரு வாரத் தூரந்தான். அவர் மீது குற்றமில்லை. வசதியும் ஓய்வும் இருந்தும், "கடல் கடந்து இருக்கிறேன்" என்று ஆண்டுக்கணக்கில் பெற்றோர் முகம் பாராதவர் என்ன பதில் வைத்திருக்கிறார்? தொழுகையில் தூரத்தின் சலுகையை எடுத்துக்கொள்பவர், உறவில் அதே தூரத்தைச் சாக்காக்கலாமா?

சலுகை அல்லாஹ் தந்தது, அது நிற்கும். சாக்கு நாம் தேடிக்கொண்டது. அதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயுளில்லை.

உறவைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.