நிற்கும் இடம்

ஒரு நகரத்தைப் படம் எடுக்கச் சிறந்த இடம் எது என்று கேட்பவரிடம் யாரும் "எதற்கு?" என்று திருப்பிக் கேட்பதில்லை. விடைகள் தயாராக இருக்கின்றன. சென்னைக்கு மெரினா கலங்கரை விளக்கம். திருச்சிக்கு உச்சிப்பிள்ளையார் கோயில். மதுரைக்கு ஒரு காலத்தில் தெற்குக் கோபுரத்தின் உச்சி. இப்போது ஏற விடுவதில்லை. சேலத்துக்கு, ஏற்காட்டு லேடீஸ் சீட். எல்லாமே உயரங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத்துக்கு வெளியே இருக்கிற, அல்லது உள்ளே இருந்தும் அதிலிருந்து விலகிக்கொண்ட இடங்கள். நகரத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் அதில் இருக்கக் கூடாது என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்? இது போட்டோக் கலை சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் எனக்குப் படவில்லை. யாரை, எங்கே நின்றுகொண்டு பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது என்ற கேள்வி இது. எழுதுகிறவனையும் இது விடாது என்பதால்தான், காமிரா வைத்துக்கொள்ளாத நான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ரன்ஸ் சீட். ஒரு குடும்பம் முழுவதும் காற்று வாங்க உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன மாதிரி இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பி பயிராக வழி செய்தார். பின்னால் தோட்டங்களும் பங்களாக்களும் வந்தன. கீழே வெயிலில் வரி வாங்கியவர்கள் மேலே குளிரில் ஓய்வெடுத்தார்கள். ஓய்வெடுக்கும்போது பார்க்க ஏதாவது வேண்டுமே. தாங்கள் ஆண்டுகொண்டிருந்த ஊரே காட்சியாகக் கிடைத்தது. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்த மலையாளிகள் – கேரளத்தவர் அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் கதையில் சொல்லிக்கொள்ளும் மலைமக்கள் – சேலத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு ஆசனம் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஊர் அவர்களுக்குச் சந்தையாக இருந்திருக்கும். சுமையோடு இறங்கி, உப்போடு ஏறியிருப்பார்கள்.

அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அழகில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை இறங்குகிறது. அடிவாரத்துக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று ஒரு கரடு. சுண்ணாம்பு என்று எண்ணி வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தான், அது மாக்னசைட். மேலிருந்து பார்க்கிறவனுக்குப் பச்சையின் நடுவே ஒரு வெண்மை, படத்துக்கு நல்லது. அதை வெட்டியவனுக்குத் தொண்டையில் இறங்கிய தூசு. இரவானால் விளக்குகள். அவற்றில் எது கல்யாண மண்டபம், எது ஆஸ்பத்திரி, எது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிறவர்களின் பட்டறை என்று சொல்ல முடியாது. எதுவும் எதுவாகவும் இல்லாமல் எல்லாம் ஒரே மினுக்கலாகிவிடுகிறது. தெரிந்துவிட்டால் அழகு போய்விடும் என்று சொல்லவில்லை. வேறு அழகாக மாறும். அதை வாங்கிக்கொள்ள அந்தப் படத்தில் இடமிருக்காது.

இந்த வகைப் பார்வை காமிராவோடு கூடவே பிறந்தது. 1838ல் டாகேர் பாரிஸில் ஒரு மாடி ஜன்னலிலிருந்து கீழே இருந்த சாலையைப் படமெடுத்தார். சாலையில் ஆட்களும் வண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. தகட்டில் ஒன்றும் விழவில்லை. ஒளி பதிய அன்று பல நிமிஷங்கள் பிடித்ததால் நகர்ந்தவர்கள் எல்லாம் கரைந்துபோனார்கள். ஒருவன் மட்டும் தெளிவாக மிஞ்சினான்: செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காகக் காலை நீட்டி நின்றவன். பாலிஷ் போட்டவன் குனிந்த நிழல் போல மங்கலாக இருக்கிறான். படத்தில் இடம்பிடித்த முதல் மனிதன் என்று நின்றவனைத்தான் சொல்கிறார்கள். நிற்க முடிந்தவன் படத்தில் விழுந்தான். கை ஓயாமல் வேலை செய்தவன் மங்கினான். ரசாயனத்தின் குற்றம்தான், டாகேரின் குற்றமல்ல. ஆனால் ரசாயனம் சீர்ப்பட்டு நூற்றெண்பது வருஷங்களுக்கு மேலான பின்பும், உயரத்துக்குப் போய் மனிதர்களைக் கரைத்துவிட்டு நகரத்தை எடுக்கும் ஆசை நமக்குப் போகவில்லை.

நம் பக்கத்துக்கே வருவோம். கும்பெனிச் சேனையின் அதிகாரி லின்னேயஸ் ட்ரைப், சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக 1858ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி இவற்றோடு சேலம் ஜில்லாவின் ராயக்கோட்டையையும் படமெடுத்தார். ட்ரைப் எடுத்த படங்களின் நேர்த்தியைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ராயக்கோட்டை 1791ல் கும்பெனிப் படை திப்புவிடமிருந்து பிடித்த மலைக்கோட்டை. சுற்றுவட்டாரம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற இடம் என்பதால் பீரங்கிக்கு உகந்ததாக இருந்த குன்று, அறுபத்தேழு வருஷங்களில் காமிராவுக்கும் உகந்ததாகிவிட்டது. பார்க்க ஏற்ற இடமும் சுட ஏற்ற இடமும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று என்னால் விட முடியவில்லை. கீழே இருப்பவனுக்கு உன்னைத் தெரியாது, உனக்கு அவனைத் தெரியும் என்பதுதான் இரண்டுக்கும் வேண்டியது.

இந்தச் சந்தேகம் நமக்குப் புதிதில்லை. குண்டலகேசி காப்பியம் முழுதாகக் கிடைக்காவிட்டாலும் கதை கிடைத்திருக்கிறது. கணவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துப்போகிறான், தள்ளிக் கொல்வதற்காக. வலம் வந்து கும்பிட்டுவிட்டுச் சாகிறேன் என்று அவள் கேட்கிறாள். முதுகுப் பக்கம் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள். இந்தக் கதையை வைத்து 1950ல் 'மந்திரி குமாரி' எடுத்தார்கள். எடுத்தது மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருந்த ஸ்டூடியோ. அங்கே இன்று முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நன்றாகப் பார்க்கலாம் வா என்று உச்சிக்குக் கூப்பிடுகிறவனைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும் என்பதை நம் கதை எப்போதோ சொல்லிவிட்டது. இன்னொன்றையும் சொல்கிறது. உச்சியில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும், தன் பின்னால் இருப்பவர் தவிர.

லேடீஸ் சீட்டிலிருந்து சில கிலோமீட்டர் போனால் சேர்வராயன் கோயில். மலையின் உச்சி என்றே சொல்லலாம், 5300 அடிக்கு மேல். தர்க்கப்படி பார்த்தால் சகலத்தையும் மேலிருந்து பார்க்கக் கட்டிய கோயிலாக அது இருக்க வேண்டும். கோயிலோ ஒரு குகை. உச்சி வரை ஏறி வந்தவன் அங்கே குனிந்து ஒரு இருட்டுக்குள் நுழைகிறான். உள்ளே சேர்வராயன், பக்கத்தில் காவேரி. குகை உள்ளுக்குள்ளேயே போய்க் காவேரியைத் தொடுகிறது என்பது ஐதீகம். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்று ஊர்களிலிருந்து மலையாளிகள் வந்து கூடுகிறார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. வெளியே, காற்று அடிக்கும் பொட்டல் மேட்டில், ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தடையை நான் புகழப் போவதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் ஹைகோர்ட் சொன்னபோது புனிதமும் பாதுகாப்பும் காரணமாயின. அவை வேறு சமாசாரங்கள். தரிசனம் என்ற பெரிய வார்த்தையை இழுத்து வந்து இந்தக் கட்டுரையைப் பக்திப் பத்திரிகைக்கு அனுப்பவும் உத்தேசமில்லை. நான் கவனித்தது சாதாரணமான ஒன்று. குகையில் பின்வாங்க இடமில்லை. இரண்டு அடி தள்ளி நின்று மொத்தத்தையும் பிடிக்கலாம் என்றால் முதுகில் பாறை முட்டுகிறது. எல்லோரும் நிற்கிற இடத்தில்தான் நீயும் நிற்க வேண்டும். பூசாரி உன்னைப் பார்க்கிறார், பின்னால் வருபவருக்காக நீ நகர வேண்டியிருக்கிறது. பார்க்கிறவன் என்ற தனிப் பதவி அங்கே கிடையாது. வெளியே வந்தால் அது உடனே திரும்பக் கிடைத்துவிடுகிறது. (மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்ஸைட் போனது இந்த மலையிலிருந்துதான். வெட்டிய பள்ளங்களின் ஓரத்தில் யாரும் ஒரு சீட் போட்டுப் பெயர் வைக்கவில்லை.)

சரி, மலையிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போனால் தீர்ந்ததா? தெருவில் நின்று எடுக்கும் படம்தான் நேர்மையானது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. எட்கர் தர்ஸ்டன் மிக நெருங்கித்தான் போனார். மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார், படமும் எடுத்தார். 1909ல் ஏழு தொகுதிகள் வந்தன. மலையுச்சிக்காரனாவது யாரையும் தொடுவதில்லை. கிட்டப் போவதும் தூர நிற்பதும் அடிக்கணக்கு. எதிரில் இருப்பவர் "அங்கே வேண்டாம், இங்கே நின்று எடு" என்று சொல்ல முடிகிற இடமா என்பதுதான் எனக்குக் கேள்வி.

படமெடுக்கும் நண்பர் ஒருவர் சேலத்தில் கொலுசுப் பட்டறை வீடு ஒன்றுக்குப் போனார். தாழ்ந்த கூரை, ஒரே ஒரு ஜன்னல், பற்றவைக்கும் சுடருக்கு முன்னால் குனிந்த ஒரு பெண்ணின் முகம். நகரத்திலேயே இதைவிட நல்ல இடம் கிடையாது என்று அந்த நிமிஷம் தீர்மானித்ததாகச் சொன்னார். இரண்டு மூன்று முறை எடுத்தும்விட்டார். அந்தப் பெண் நிமிர்ந்து, "இருங்கண்ணா, மூஞ்சி கழுவிட்டு வந்தர்றேன்" என்று எழுந்து போய்விட்டாள். வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து, உள்ளறையில் கண்ணாடி பதித்த பீரோவின் பக்கத்தில் நின்றாள். "இங்க எடுங்க. அங்க என்ன இருக்குது, புகைதான்." மேலே மாட்டியிருந்த மகளின் சர்டிபிகேட்டும் விழ வேண்டும் என்றாள். நண்பர் எடுத்தார்.

அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். அவருடைய அளவுகோல்படி அது கெட்டுப்போன படம். வெளிச்சம் தட்டை, சர்டிபிகேட்டில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, பீரோக் கண்ணாடியில் காமிராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரே தெரிகிறார். சுடர் படம் அபாரமானது, மறுக்க மாட்டேன். உழைப்பு அதில் இருக்கிறது, அந்தப் பெண்ணின் கைகள் இருக்கின்றன, பீரோப் படத்தில் அவை இல்லை. உண்மை எதில் அதிகம் என்று கேட்டால் சுடர் படத்தைத்தான் நானும் காட்டுவேன் போலிருக்கிறது. ஆனால் அது யார் தேர்ந்த இடம் என்று கேட்டால் பதில் வேறு. அன்று இரவு நெடுநேரம் வாதாடினோம். உழைப்பை மறைத்துக்கொள்ள விரும்புகிறவளின் விருப்பத்துக்கு இணங்குவதும் ஒரு பொய்தானே என்றார். மறைக்கிறாள் என்று உமக்கு யார் சொன்னது, அவளுக்கு வாழ்க்கை அந்தப் பக்கமும் இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் மற்றவரை அசைக்கவில்லை.

பீரோப் படத்தின் பிரதி ஒன்றை அவர் அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். கண்காட்சிக்குச் சுடர் படம் போயிருக்கிறது.