வாளியில் வந்த தீர்த்தம்

நீராடத் தொடங்குமுன் வாளி நீரில் கைவைத்து, கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி ஆகிய ஏழு நதிகளையும் அதில் எழுந்தருளுமாறு வேண்டுவது நம் முன்னோர் வகுத்த வழக்கம். எங்கோ பாயும் நதிகளை ஒரு வாளிக்குள் அழைப்பது வெறும் கற்பனையன்று. 'இந்த நீர் நான் உண்டாக்கியதன்று. எனக்கு அளிக்கப்பட்டது' என்னும் நினைவை நாள்தோறும் புதுப்பிக்கும் சாதனை அது.

மும்பையில் வாழும் அன்பர்களின் வாளிக்கு உண்மையிலேயே ஏழு ஏரிகளின் நீர் வருகிறது. 1860-இல் விஹார், 1879-இல் துளசி, 1892-இல் தான்சா, 1957-இல் மோடக் சாகர், பின்னர் மேல் வைதரணா, பாட்சா, 2014-இல் நடு வைதரணா என, மக்கள் பெருகப் பெருக ஏரிகளும் தொலைவில் அமைந்தன. முதல் இரண்டு மட்டுமே நகர எல்லைக்குள் உள்ளவை. மற்றவை தானே, பால்கர், நாசிக் மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் இருக்கின்றன. நான்கு மாத மழையைத் தேக்கி, ஆண்டு முழுவதும் அந்த மாநகரைக் காக்கின்றன.

தான்சா, வைதரணா ஏரிகளின் நீர் நிலத்தின் சரிவையே துணையாகக் கொண்டு, பெருங்குழாய்களிலும் சுரங்கங்களிலும் தானே இறங்கி நகரை நோக்கி வருகிறது. உயர்ந்த இடத்தில் உள்ளது தாழ்ந்து வந்து தன்னைத் தருகிறது. இறைவனின் அருளும் அவ்வாறே. ஆனால் ஓசையின்றி வருவதால், வந்த வழி நம் கண்ணில் படுவதில்லை. தந்தவர் முகமும் தெரிவதில்லை. மறதி தொடங்குவது இங்கேதான்.

அந்த மறதியின் விலையை வேறு சிலர் தருகின்றனர். தான்சா, பாட்சா ஏரிகளைக் கொண்ட ஷகாபூர் வட்டத்திலேயே, அண்மைக் கோடைகளிலும் கிணறுகள் வற்றிய சிற்றூர்ப் பெண்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தனர். ஏரி அவர்கள் அருகில். குழாய் செல்வதோ தொலைவில் உள்ள நகருக்கு.

'நாங்கள்தாம் கட்டணம் செலுத்துகிறோமே!' என்று சிலர் கூறலாம். கட்டணம் குழாய்க்கும் சுத்திகரிப்புக்கும் உரியது. மழைக்கு விலை குறித்தவர் யார்? ஏரிக்காக நிலத்தை இழந்தவரின் தியாகத்தை எந்த ரசீது அடைக்கும்? பெற்றதைத் திருப்பி அளிக்காமல் தான் மட்டும் அனுபவிப்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் கள்வன் என்றே கண்டிக்கிறார். இச்சொல் நம்மைச் சுட வேண்டும்.

கோதாவரி தோன்றும் திரியம்பக மலைப்பகுதியிலேயே வைதரணா நதியும் பிறந்து, மேற்கு நோக்கிப் பாய்கிறது. அப்பெயரைக் கேட்டதும், இறந்தபின் உயிர் கடக்க வேண்டியதாகப் புராணங்கள் கூறும் வைதரணி நம் நினைவுக்கு வரும். அதைக் கடப்பதற்கென்று கோதானம் செய்கிறோம். உயிரோடிருக்கையில் நாள்தோறும் பருகும் வைதரணாவுக்கு நாம் செய்யும் தானம் என்ன?

செய்யக்கூடியவை எளியவை. சொட்டும் குழாயை இன்றே பழுதுபார்ப்பது ஒரு வழிபாடு. தேவைக்கு மேல் ஒரு குவளையும் சிந்தாதிருப்பது ஒரு தவம். ஆண்டுக்கொரு முறையேனும், நீர் தந்த சிற்றூர் ஒன்றில் கிணற்றைத் தூர்வாரவோ, சிறு தடுப்பணை அமைக்கவோ பொருளாலும் உடலுழைப்பாலும் உதவுவது உண்மையான கோதானம்.

இது மும்பைக்கு மட்டும் உரியதன்று. பெங்களூரில் வாழ்பவர் தொலைவிலிருந்து ஏற்றிவரப்படும் காவிரியையும், சென்னையில் வாழ்பவர் கண்டலேறு வழியே பூண்டிக்கு வரும் கிருஷ்ணையையும் நினைக்கலாம். நாளைக் காலை வாளி நீரில் கைவைக்கும்போது, ஏழு நதிகளின் பெயரைச் சொன்ன பின்னர் ஒரு கணம் நிற்போம். இந்நீர் கடந்து வந்த ஊர்களையும், அங்கே வெறுங்குடத்துடன் நிற்கும் தாயையும் நெஞ்சில் நிறுத்துவோம். அவள் தாகம் தீரும் நாளில்தான் நம் நீராடல் நிறைவுபெறும். அந்நாளுக்கென உழைக்கும் நல்லறிவை இறைவன் நமக்கு அருள்வானாக!