வெள்ளைக் கோபுரமும் மாநிறமும்

டிஜிட்டல் சினிமா கேமராவைச் சோதித்துப் பார்க்க ஸ்ரீரங்கத்தைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது. கோயிலின் கிழக்கே நிற்கும் வெள்ளைக் கோபுரத்தில் காலை வெயில் நேராக விழும். அதன் அடியில் வாசல் நடை இருண்டு கிடக்கும். இரண்டும் ஒரே ஃபிரேமில் வர வேண்டும். வெள்ளையின் மேடுபள்ளங்கள் பர்ன் ஆகக் கூடாது. நிழலுக்குள் நிற்பவரின் கண்ணும் தெரிய வேண்டும். எக்ஸ்போஷரை ஒவ்வொரு ஸ்டாப்பாக, அதாவது ஒளியை இரட்டித்தும் பாதியாக்கியும், ஏற்றி இறக்கி எடுத்தால், கேமராவின் விவரத்தாளில் போட்டிருக்கும் 14 ஸ்டாப்பில் எத்தனை நமக்கு உதவும் என்பது விளங்கிவிடும். 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்த ராஜகோபுரம் வேறு வகைப் பரீட்சை. நெருக்கமான அதன் நுணுக்கங்கள் சென்சாரின் பிக்சல் வரிசையோடு மோதினால், அங்கே இல்லாத அலைகள் படத்தில் நெளியும்.

கேமராவைச் சோதிப்பது இவ்வளவுதான். எடுத்ததை எதில் பார்ப்பது என்பதுதான் பெரிய கேள்வி. லாக் என்ற பதிவு முறையில் எடுத்த படம் வெளுத்து, சாம்பல் பூத்துக் கிடக்கும். அகன்ற ஒளி வீச்சைச் சின்ன இடத்துக்குள் மடக்கி வைத்திருப்பதால் அப்படி. அதை விரித்துக் காட்டும் மானிட்டர் நீலம் பாய்ந்ததாக இருந்தால் கோபுரமும் நீலமாகும். இதைக் கண் காட்டிக்கொடுக்காது. மஞ்சள் பல்பு எரியும் அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், மஞ்சளையே வெள்ளை என்று அது ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் கலர் பார்க்கும் அறையின் சுவருக்குச் சாம்பல் பூசுகிறார்கள். மானிட்டரில் ப்ரோப் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்து, வெள்ளையின் உச்ச வெளிச்சத்தை 100 நிட்ஸில் நிறுத்துகிறார்கள்.

இப்படி அளவு பார்க்காத காலமும் இருந்தது. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். திரை எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று அன்று யாரும் வகுத்திருக்கவில்லை. இன்று தியேட்டர் திரைக்கு 48 நிட்ஸ் என்று அளவு உண்டு. சென்னையில் படத்தின் கலரைச் சரிசெய்யும் டிஐ அறையில் உட்கார்ந்திருப்பவரும் திருச்சியில் டிக்கெட் வாங்கி உட்காருபவரும் ஒருவரையொருவர் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் ஒரே முகத்தை ஒரே நிறத்தில் பார்க்க வேண்டும். அந்த எண் அதற்கான வாக்கு.

முகம் என்று வந்துவிட்டால் இது வெறும் தொழில்நுட்பமாக நிற்பதில்லை. 1950களில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய அளவு அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் சரியாக வந்தால் பிரின்ட் சரி. கறுத்த முகங்கள் அதில் கரிந்துபோயின. பிறகு, 1976இல் வந்த 24 கட்டக் கலர் சார்ட்டில் முதல் கட்டமே கருந்தோலின் நிறம். அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபப் படித்துறையில் குளித்து ஏறுபவர்களைப் படமெடுத்து, நிறச் சாயலை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் போட்டுப் பாருங்கள். எலுமிச்சை நிறமோ, மாநிறமோ, நல்ல கறுப்போ, தோலின் சாயல் ஏறக்குறைய ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். எல்லாத் தோலுக்கும் அடியில் ஓடுவது அதே ரத்தம். பெரிதும் மாறுவது திரும்பி வரும் ஒளியின் அளவுதான். கருவி இதை எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மானிட்டர் மங்கலாக இருந்தால் நமக்கு அது கேட்பதில்லை. முகம் இருட்டாகத் தெரிகிறதே என்று தூக்குகிறோம், வெளுக்கிறோம். பிசகியது கண்ணாடித் திரை; திருத்தப்படுவது ஒரு மனிதரின் முகம். நம் சினிமாவில் எத்தனையோ மாநிறங்கள் இப்படிக் காணாமல் போயிருக்கின்றன.

ஆகவே சோதனை நாளில் சார்ட்டுக்குப் பக்கத்தில் நம்மூர் முகங்கள் சிலவும், மேக்கப் இல்லாமல், நிற்க வேண்டும். மறுநாள் அவற்றில் எதையாவது வெளுக்கத் தோன்றினால், கை கலர் திருத்தும் குமிழுக்குப் போகும் முன் ப்ரோபை எடுத்து மானிட்டரில் வைக்க வேண்டும்.